பழைய டூ-ஸ்ட்ரோக் ஒன்றுக்கு மூச்சு வந்த கதை

பழைய மோட்டார்சைக்கிள் எஞ்சினைப் பிரித்து முடித்த இரவில், அதற்குள் அசைகிற பாகங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன், அந்த அசைவைக் கீழே கடத்தும் கனெக்டிங் ராடு, அதைச் சுழற்சியாக்கும் கிராங்க். மூன்றுதான். வால்வு கிடையாது, கேம் கிடையாது, ஆயில் பம்ப்கூடக் கிடையாது. மேசையில் விரித்திருந்த பழைய துணியின் ஒரு மூலையிலேயே மூன்றும் அடங்கிவிட்டன. கியர், கிளட்ச் எல்லாம் அப்புறம். எஞ்சின் என்று சொன்னால் இவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் தயங்கினோம் என்று தோன்றியது.

அந்த மூன்று பாகங்களும் என்ன வேலை செய்கின்றன என்பது எனக்கு முழுதாகப் புரிய அதற்குப் பிறகு எட்டு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த மாதங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதற்கு முன் நான் எந்த எஞ்சினையும் திறந்ததில்லை. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

வண்டி பிஎஸ்ஏ பான்டம் என்ற பழைய பிரிட்டிஷ் மோட்டார்சைக்கிள், டி1 மாடல். 123 சிசி, ஒற்றை சிலிண்டர், மூன்று கியர், சுமார் நாலரை குதிரைத்திறன். நண்பர் ஒருவரின் கொட்டகையில் 20 வருடத்துக்கு மேல் சாய்ந்து கிடந்தது. டயர் இரண்டும் வெடித்து, சீட்டுக்குள் எலி கூடு கட்டி, டேங்கைத் திறந்தால் பெட்ரோல் வாசனைக்குப் பதில் வார்னிஷ் வாசனை அடித்தது. கிக்கரை மிதித்தால் கல்லை மிதித்தது போல இருந்தது. எஞ்சின் உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது.

இந்த வண்டியின் பூர்வீகம் தெரிந்தபோது அதன் மேல் எனக்கு இருந்த பிரியம் இன்னும் கூடியது. ஜெர்மனியின் சாக்சனியில் டிகேடபிள்யூ என்ற நிறுவனம் இருந்தது. டென்மார்க்கிலிருந்து வந்த ராஸ்முசென் என்பவர் தொடங்கியது. 1920களின் கடைசியில் உலகிலேயே அதிக மோட்டார்சைக்கிள் தயாரித்த நிறுவனம் அதுதான். 1939இல் அவர்கள் ஆர்டி 125 என்று ஒரு சின்ன வண்டியைக் கொண்டுவந்தார்கள். வடிவமைத்தவர் ஹெர்மன் வெபர். போர் முடிந்ததும் அதன் வரைபடங்கள் வென்ற நாடுகளின் கைக்குப் போயின. அதிலிருந்து இங்கிலாந்தில் 1948இல் பான்டம் பிறந்தது; அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் 125, சோவியத் ஒன்றியத்தில் மாஸ்க்வா. யமஹா 1955இல் தயாரித்த முதல் மோட்டார்சைக்கிளான ஒய்ஏ-1, ஜப்பானியர்கள் செந்தும்பி என்று செல்லமாக அழைத்தது, அதுவும் இதே வம்சம்தான். பான்டத்தை வரைந்தவர்கள் ஜெர்மன் எஞ்சினைக் கண்ணாடியில் பார்த்தது போலத் திருப்பிப் போட்டார்கள். கியர் லீவர் வலது பக்கம் வர வேண்டும் என்பதற்காக. பிரிட்டிஷ் தபால் துறை இதைச் சிவப்பு நிறத்தில் வாங்கித் தந்தி கொடுக்க அனுப்பியது. லட்சக்கணக்கில் ஓடிய வண்டி. அதனால்தான் இன்றும் இதற்குப் பிஸ்டனைச் சுற்றும் ரிங்கும், கசிவைத் தடுக்கும் சீலும் கேஸ்கெட்டும் புதிதாகக் கிடைக்கின்றன. முதன்முதலாக ஒரு பழைய வண்டியைக் கையில் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அபூர்வமான வண்டி அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சீலுக்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டிவரும்.

முதல் தடுமாற்றம் ஸ்பேனரில் வந்தது. என்னிடம் இருந்த மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் எதுவும் சரியாக உட்காரவில்லை. ஒன்று லொடலொடத்தது, அதற்கு அடுத்தது நுழையவே இல்லை. இந்த வண்டியின் நட்டுகள் பழைய பிரிட்டிஷ் அளவு. அந்த ஸ்பேனர்களில் பொறித்திருக்கும் எண் நட்டின் தலை அகலம் கிடையாது. போல்ட்டின் தண்டு எவ்வளவு தடிமன் என்பது. கால் அங்குலம் என்று போட்டிருக்கும் ஸ்பேனரின் வாய் அரை அங்குலத்துக்கும் மேல் இருக்கும். இது தெரியாமல் இரண்டு நட்டுகளின் முனையை உருட்டிவிட்டேன். உடனே நிறுத்திவிட்டு, சரியான ஸ்பேனர் செட் கிடைக்கும்வரை மூன்று வாரம் எதையும் தொடவில்லை. அந்த மூன்று வாரத்தில் வண்டியை எல்லாக் கோணத்திலும் படம் பிடித்து வைத்தேன். எந்த ஒயர் எதன் பின்னால் போகிறது, எந்த வாஷர் எந்தப் பக்கம் என்று பின்னால் எனக்கு வந்த சந்தேகங்களில் பாதிக்கு மேல் அந்தப் படங்கள்தான் பதில் சொல்லின.

பிடித்துக்கொண்ட பிஸ்டனை எடுப்பதற்குப் பொறுமை மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பலாம். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினேன். பிஸ்டன் பாதி வழியில் நின்றிருந்தது; அதற்கு மேலே சிலிண்டர் சுவரில் செம்மண் பூசியது போலத் துரு. துரு நீக்கும் மெல்லிய எண்ணெயை ஊற்றி மூடி வைத்தேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் திறந்து பார்ப்பேன், கொஞ்சம் ஊற்றுவேன், மூடுவேன். சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். அதனால் சிலிண்டரை வெளியே சூடாக்குவதும் ஆறவிடுவதுமாக மாற்றி மாற்றிச் செய்தால் இரண்டும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கி, நடுவில் எண்ணெய் இறங்க வழி கிடைக்கும். எண்ணெயை முழுக்கத் துடைத்த பிறகுதான் சூடாக்க வேண்டும். சுடருள்ள எதையும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. நான் சூடான காற்று ஊதும் கருவியைத்தான் பயன்படுத்தினேன். பதினொன்றாம் நாள், பிஸ்டன் அளவுக்குச் செதுக்கிய மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டினேன். முடி அளவுக்கு இறங்கியது. அந்த அசைவைக் கண்ணால் பார்க்கவில்லை, கையில் உணர்ந்தேன். இரும்புச் சுத்தியலால் நேரடியாக அடித்திருந்தால் பிஸ்டனோடு ராடும் கிராங்கும் சேர்ந்து போயிருக்கும்.

சரி, இப்போது அந்த மூன்று பாகங்களுக்கு வருகிறேன்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள் உண்டு. காற்றை உள்ளே விட ஒரு வால்வு, புகையை வெளியே விட ஒரு வால்வு, எண்ணெய் ஊற்ற ஒரு பம்ப். டூ-ஸ்ட்ரோக்கில் அந்த ஆட்கள் இல்லை. வேலைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவற்றை மற்ற பாகங்கள் பகிர்ந்துகொள்கின்றன. பிஸ்டன் மேலே போகும்போது தலைக்கு மேல் இருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவையை அழுத்துகிறது. அதே நேரத்தில் அதன் காலுக்குக் கீழே, கிராங்க் சுற்றும் அறைக்குள், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரிலிருந்து புதுக் கலவையை உறிஞ்சுகிறது. வெடித்துக் கீழே இறங்கும்போது தன் உடம்பால் மூடியிருந்த புகைத் துளையை முதலில் திறக்கிறது. ஒரு கணம் கழித்துப் பக்கவாட்டுத் துளைகளைத் திறக்கிறது. கீழே நசுங்கிக் காத்திருந்த புதுக் கலவை அந்த வழியாக மேலே பாய்ந்து, மிச்சப் புகையைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கிறது. ஆக, பிஸ்டன்தான் வால்வு. கிராங்க்கேஸ்தான் பம்ப். எண்ணெய் பெட்ரோலிலேயே கலந்து வருகிறது. கலவை போகும் வழியெல்லாம் பேரிங்கையும் சுவரையும் நனைத்துக்கொண்டே போகிறது.

இப்படிக் கிராங்க்கேஸையே பம்ப்பாக்கும் யோசனை 1890களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே என்பவரின் பட்டறையில் உருவானது. அடுத்த சிக்கல், உள்ளே பாயும் புதுக் கலவை நேராகப் புகைத் துளை வழியாகவே வெளியேறிவிடாமல் தடுப்பது. பழைய எஞ்சின்களில் இதற்காகப் பிஸ்டன் தலையில் ஒரு மேடு வைத்து, கலவையை மேல்நோக்கித் திருப்பினார்கள். அந்த மேடு கனமானது, சூடேறுவது. 1920களின் நடுவில் அடோல்ஃப் ஷ்னூர்லே என்ற ஜெர்மானியர் வேறு வழி கண்டார்: இரண்டு பக்கத் துளைகளையும் புகைத் துளைக்கு எதிர்த் திசையில் சாய்த்துவிட்டால், இரண்டு ஓட்டங்களும் பின்சுவரில் மோதி, மேலே ஏறி, வளைந்து திரும்பும். மேடு தேவையில்லை. டிகேடபிள்யூ இதை எடுத்துக்கொண்டது. என் பான்டத்தின் சிலிண்டரைத் துடைத்து விளக்குக்கு நேரே பிடித்தபோது, அந்தத் துளைகளின் சாய்வு தெளிவாகத் தெரிந்தது. விரலை உள்ளே விட்டால் கலவை எந்தத் திசையில் பாயும் என்று விரலுக்கே தெரிகிறது. வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன் என்றாலும், கிராங்க்கேஸ்தான் பம்ப் என்ற சொல்லின் முழு அர்த்தம் மனதில் ஏறவில்லை. அது பின்னால் வந்தது.

சிலிண்டரில் துரு தின்ற குழிகள் இருந்ததால் போரிங் போட, அதாவது உள்துளையைக் கடைந்து சற்றுப் பெரிதாக்க வேண்டியிருந்தது. சிலிண்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டியவர். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“பிஸ்டன் எங்கே தம்பி?”

“அளவு தெரியும் ஐயா. 52 மில்லிமீட்டர், அதற்கு மேல் ஒரு சைஸ்.”

“அந்த அளவு பெட்டியில எழுதியிருக்கிறது. பிஸ்டன் என்ன அளவுன்னு பிஸ்டனை அளந்தாத்தானே தெரியும்? அதைக் கொண்டுவாங்க, அதுக்குத் தகுந்த மாதிரி சிலிண்டரைச் செய்வோம்.”

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சில நூறில் ஒரு பங்குகள்தான். குறைந்தால் சூட்டில் பிடிக்கும், கூடினால் ஆடும். ஒரே பெட்டி எண் போட்ட இரண்டு பிஸ்டன்கள்கூட அந்த அளவுக்கு ஒன்றாக இருப்பதில்லை. போரிங் முடிந்த பிறகு அவர் இன்னொன்றும் செய்தார்: துளைகளின் விளிம்புகளை மெல்லிய அரத்தால் மழுக்கினார். புதிதாகக் கடைந்த துளையின் விளிம்பு கத்தி போல இருக்கும். ரிங் ஒவ்வொரு முறையும் அதைக் கடந்து போக வேண்டும். இதே காரணத்துக்காகத்தான் டூ-ஸ்ட்ரோக் பிஸ்டனில் ரிங் சுற்றிவிடாமல் பிடிக்க ஒரு சின்ன ஊசி இருக்கிறது. ரிங்கின் வாய் ஒரு துளைக்கு நேராக வந்து விரிந்தால் அத்தோடு முடிந்தது. நான் ரிங்கை மாட்டும்போது அந்த ஊசி வாய்க்கு நடுவில் வந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன்.

கிராங்கையும் அவரிடமே விட்டேன். ராடை மேலும் கீழும் அசைத்தால் துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம். என்னுடையதில் மேலும் கீழும் டக் டக் என்று கேட்டது. இந்தக் கிராங்குகள் இரண்டு தட்டுகளையும் ஒரு முளையையும் அழுத்திச் சேர்த்தவை. பிரித்துச் சேர்த்து நேராக்குவது அனுபவம் உள்ள கைக்கு மட்டுமே வசப்படும். புதிதாக வருபவர்கள் எதை விட்டாலும் விடட்டும், இந்த வேலையைத் தாங்களே செய்யப் பார்க்க வேண்டாம்.

மற்ற வேலைகள் பலவும் கை பழகினால் வருபவைதான். டேங்கின் துருவைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊற வைத்து எடுத்தேன். சமையல் சோடா கலந்த நீரால் அலசி, உடனே காயவைத்து, உள்ளே எண்ணெய் சுழற்றிவிட்டேன். அந்தக் கடைசி இரண்டையும் தாமதித்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி செந்நிறம் ஏறிவிடும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறுதுளைப் பித்தளை ஜெட்டுகளை நைலான் இழையால் குத்திச் சுத்தம் செய்தேன். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், கண்ணுக்குத் தெரியாது, வண்டிக்குத் தெரியும். சைலன்சருக்குள் பல்லாண்டுக் கரி, தார் போல. புகைத் துளையிலும் அப்படித்தான். துளையின் மூன்றில் ஒரு பங்கை அடைத்திருந்தது. கூர்மையாகச் செதுக்கிய மரக்குச்சியால் சுரண்டி எடுத்தேன். டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சரும் எஞ்சினின் ஒரு பாகம். புகை போகிற வழி அடைத்தால் புதுக் கலவைக்கு இடமில்லை. இதை எல்லைவரை கொண்டுபோனவர் வால்டர் காடன். டிகேடபிள்யூ இருந்த அதே ஊரில், எம்இசட் நிறுவனத்தின் பந்தயப் பிரிவில், புகைக் குழாயின் வடிவத்தை ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தார். வெளியே போகும் அழுத்த அலை குழாயின் ஒடுங்கிய முனையில் மோதித் திரும்பி, தப்பி ஓடப்பார்க்கும் புதுக் கலவையை சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் தள்ளும்படி செய்தார். 1961இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. என் வண்டி கொடுப்பது நாலரை. இரண்டும் ஒரே அளவு எஞ்சின்.

பெயிண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நான் அதைத் தொடவில்லை. வெளிர்பச்சை மங்கிப்போய், முழங்கால் உரசிய இடத்தில் உலோகம் தெரிகிறது. யாரோ பல வருடம் ஓட்டிய அடையாளம் அது. மெழுகு மட்டும் போட்டேன்.

பிளக்கில் பொறி வரும் கணத்தைத் தீர்மானிக்கும் மின்தொடர்பான பாயின்டில் கொஞ்ச நேரம் போனது. இடைவெளி 0.38 மில்லிமீட்டர், பிஸ்டன் உச்சிக்கு வர 4 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயின்ட் திறக்க வேண்டும். பிளக் துளை வழியாக அளவுகோலை விட்டு, பாயின்டுக்கு நடுவே மெல்லிய தாளைச் செருகி, தாள் இலகுவாகும் கணத்தைப் பிடிப்பது. இதை முதல் முறை சரியாகப் பிடித்தபோது கிடைத்த சந்தோஷம் பெரிது. பாயின்டோடு இணைந்த மின்தேக்கியான கண்டென்சரை யோசிக்காமல் மாற்றினேன். அத்தனை வயதான கண்டென்சரை நம்பி ஒரு வண்டியைக் கட்டக் கூடாது.

எட்டாவது மாதம் எல்லாம் கோர்த்தாகிவிட்டது. 25 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில், அதாவது லிட்டருக்கு 40 மில்லி, கலந்து ஊற்றினேன். ஆறாவது மிதியில் பிடித்தது. நீலப்புகை கிளம்பியது. அந்தச் சத்தத்தை எட்டு மாதமாக மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆக்சிலேட்டரை முழுக்க மூடியிருந்தேன், ஆனால் எஞ்சினின் வேகம் குறையவில்லை. குறையாததோடு, ஏற ஆரம்பித்தது. யாரோ கண்ணுக்குத் தெரியாமல் முறுக்குவது போல, சத்தம் மெலிந்து கூர்மையாகி, கிறீச்சிட்டு ஏறியது. கார்புரேட்டரின் காற்று வழியை அடைக்கும் சோக்கை மூடினேன். மூச்சு முட்டியது போல இருமி நின்றது. கை நடுங்கியது. புதுப் பிஸ்டன், புது போரிங், ஒரு நிமிடம் ஓடிய எஞ்சின்.

பிளக்கைக் கழற்றினால் வெள்ளையாக, எலும்பு போல இருந்தது. பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்று அர்த்தம். சரி, கார்புரேட்டர் என்று முடிவுகட்டினேன். ஊசியை ஒரு படி உயர்த்தினேன். ஜெட்டை மாற்றினேன். கார்புரேட்டர் சேரும் இடத்துக்குப் புது கேஸ்கெட் வெட்டினேன். ஆயில் குறைவோ என்று பயந்து ஆயிலைக் கூட்டினேன். அது நிலைமையை மோசமாக்கியது: ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் ஆயில் கூடினால் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையும், கலவை இன்னும் வறண்டுபோகும். இரண்டு வாரம் இப்படிக் கழிந்தது. ஒவ்வொரு முறையும் சில நொடி ஓட்டிவிட்டுச் சோக்கை மூடி நிறுத்துவேன்.

கடைசியில் ஒரு நாள் எஞ்சினை எதுவும் செய்யாமல் எதிரே உட்கார்ந்து, அது காற்றை எங்கிருந்தெல்லாம் எடுக்க முடியும் என்று ஒரு தாளில் வரைந்தேன். கார்புரேட்டர் வாய். அது ஒரு வழி. ஹெட் கேஸ்கெட், சிலிண்டர் அடி கேஸ்கெட், கேஸின் நடு இணைப்பு. அப்புறம் கிராங்க் தண்டு கேஸை விட்டு வெளியே வரும் இரண்டு இடங்கள், அங்கே இருக்கும் இரண்டு ரப்பர் சீல்கள். வரைந்த பிறகு அந்த வாக்கியம் திரும்பி வந்தது. கிராங்க்கேஸ்தான் பம்ப். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல் கசிந்தால் தரையில் எண்ணெய் சொட்டும், அவ்வளவுதான். இங்கே சீல் கசிந்தால் எஞ்சின் அந்த ஓட்டை வழியாக மூச்சு வாங்கும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை தள்ளும். மறுமுனையில், மின்சாரம் தரும் காந்தச் சக்கரமான மேக்னட் பக்கத்து சீல் போனால் வெறும் காற்று. ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் நிற்கும், காற்று நிற்காது.

இதைச் சோதிக்க எரியும் திரவத்தை ஓடும் எஞ்சின் மேல் பீய்ச்சிப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. அழுத்தச் சோதனை செய்தேன். புகைத் துளையையும் கார்புரேட்டர் துளையையும் ரப்பர் வைத்துத் தகடு போட்டு இறுக்கினேன். பிஸ்டனை முழுக்கக் கீழே கொண்டுவந்தால் பக்கத் துளைகள் திறந்து, மேலும் கீழும் ஒரே அறையாகிவிடும். பிளக் துளையில் ஒரு குழாய். குழாயின் மறுமுனையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் குமிழும் முள் டயலும். அந்த டயல் 300 மில்லிமீட்டர் பாதரசம் வரை போகும்; கணக்குப் போட்டால் சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. இந்தச் சோதனைக்கு வேண்டியதும் அவ்வளவுதான். அதற்கு மேல் போனால் நல்ல சீலும் இடம் பெயர்ந்துவிடும்.

குமிழை அமுக்கினேன். முள் 300ஐத் தொட்டது. கையை எடுத்ததும் இறங்க ஆரம்பித்தது. பத்து நொடியில் 100க்கு வந்துவிட்டது. சோப்பு நீரைத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவினேன். ஹெட்டில் ஒன்றுமில்லை. அடி கேஸ்கெட்டில் ஒன்றுமில்லை. மேக்னட்டைக் கழற்றி, தண்டைச் சுற்றித் தடவிவிட்டு மறுபடி அமுக்கினேன். சீலின் உதட்டோரம், கடிகார முள் நாலு மணி காட்டும் இடத்தில், ஒரு குமிழி மெதுவாக ஊதிப் பெரிதாகி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. விளக்கை அருகே பிடித்து ஐந்தாறு தடவை பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு வாரமாக நான் தேடியது அதுதான், அந்தச் சின்ன ஊதல்.

சீலை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தால், உதட்டில் அரை மில்லிமீட்டர் கீறல். காரணம் நான்தான். தண்டின் மேல் கூரான ஒரு படி இருக்கிறது. சீலை அதன் மேல் தள்ளும்போது படியை எதனாலும் மூடவில்லை, வறண்ட ரப்பரை அப்படியே தள்ளியிருக்கிறேன். புது சீலைப் பொருத்தும்போது, குளிர்பானப் பாட்டிலின் பிளாஸ்டிக்கை வெட்டிக் கூம்பாகச் சுருட்டித் தண்டின் மேல் போர்த்தினேன். உதட்டில் கிரீஸ் தடவினேன். சீல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கூம்பை உருவி எடுத்துவிட்டுக் குமிழை அமுக்கினேன். ஐந்து நிமிடம் கழித்தும் முள் 280க்கு மேல் நின்றது. மேக்னட்டை வெளியே வைத்திருந்த நேரமெல்லாம் அதன் மேல் ஓர் இரும்புத் தகடு ஒட்டி வைத்திருந்தேன். அந்தக் காலத்துக் காந்தங்களைத் தனியே விட்டால் வலு குறைந்துவிடும்.

ஜெட்டையும் ஊசியையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். டேங்கைக் காலி செய்து 25க்கு 1 கலவையை மறுபடி ஊற்றினேன். மூன்றாவது மிதியில் பிடித்தது. ஆக்சிலேட்டரை விட்டதும் சத்தம் தாழ்ந்து, தாழ்ந்து, ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் கேட்கும் அளவுக்கு வந்து, அங்கேயே நின்று ஓடியது.

இப்போது 300 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது. பிளக் பழுப்பு நிறத்துக்கு வந்திருக்கிறது. சமதளத்தில் லேசான ஆக்சிலேட்டரில் போகும்போது டூ-ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் வெடிப்பதில்லை; ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, டிங்-டாங் என்று தளர்வாகப் பாடும். ஏற்றம் வந்ததும் முறுக்கினால் அந்தத் தளர்வு போய்ச் சத்தம் ஒரே இழையாகிவிடும். இந்த மாற்றத்தைக் கேட்பதற்காகவே ஏற்றம் உள்ள பாதையாகத் தேடிப் போகிறேன்.

இறக்கத்தில் மட்டும் இன்னும் பழக்கம் கைக்கு முழுசாக வரவில்லை. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடிவிட்டுச் சும்மா உருண்டு போகலாம். இதில் எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது; மூடினால் பெட்ரோலோடு எண்ணெயும் நின்றுவிடும், எஞ்சினோ சக்கரத்தோடு சேர்ந்து வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் இறங்கும்போது சில நொடிக்கு ஒரு தடவை கிளட்சைப் பிடித்து, கொஞ்சம் முறுக்கி, ஒரு வாய் கொடுத்துவிட்டு விடுகிறேன். பின்னால் நீலப்புகை லேசாக ஒரு கீற்று கிளம்புவது கண்ணாடியில் தெரியும். வளைவு தாண்டும்போது அடுத்த வாய்.